பெட்டி நிறையப் பழைய இசைத்தட்டுகள்: கடைக்கா, சேகரிப்பாளருக்கா, இணையத்துக்கா, காப்பகத்துக்கா?

செட்டிநாட்டில் பழைய வீடுகளை மராமத்துப் பார்க்கும்போதும், பங்காளிகள் அவரவர் அறைகளைக் காலி செய்து சாமான்களைப் பிரித்துக்கொள்ளும்போதும், இரண்டாங்கட்டு அறையிலோ மேல்மாடியிலோ பல காலம் திறக்காமல் கிடந்த இரும்புப் பெட்டியிலிருந்து கிராமபோன் தட்டுகள் கட்டுக்கட்டாக வெளிவருவது வழக்கமாகிவிட்டது. தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வாசகர்கள் பலர் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். காரைக்குடியில் ஒரு கடைக்காரர் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு விலை சொல்கிறார். சென்னையில் இருக்கும் மகனோ இணையத்தில் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் போகிறது என்கிறான். ஆச்சியோ இதையெல்லாம் விற்கக் கூடாது, எங்காவது நூலகத்துக்குக் கொடு என்கிறார். மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூவருமே பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சொல்கிறார்கள்.

இந்த வட்டாரத்துப் பெட்டிகளை அலட்சியமாகக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் 1907-இல் காரைக்குடியில் பிறந்தவர். அவருடைய தந்தையார் காரைக்குடியில் நடத்திய கடையில் கிராமபோன் தட்டுகள் விற்பனையாயின. அந்த அனுபவத்திலிருந்துதான் அவர் சென்னைக்குச் சென்று சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி, ஓடியன் தட்டுகளின் வணிகத்திலும் பதிவிலும் இறங்கினார். படத்தயாரிப்பு அதற்குப் பிறகு வந்தது. இசைத்தட்டுத் தொழில் வளர்ந்த காலத்திலேயே வாங்கும் வசதியும் விற்கும் கடையும் ஒருங்கே இருந்த ஊர் இது. ரங்கூனிலும் பினாங்கிலும் கொண்டுவிற்கப் போனவர்கள் அங்கிருந்து கொண்டுவந்தவையும் இதே பெட்டிகளில் கலந்திருக்கலாம். எனவே மற்ற ஊர்களில் அரிதாகக் கிடைக்கும் தட்டு இங்கே கிடைக்கும் வாய்ப்பு உண்மையிலேயே கூடுதல்.

## எதை வைத்து முடிவு செய்வது

விலை ஒன்றை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இணையம்தான் வெல்லும். அந்த வெற்றி பெரும்பாலானவர்களுக்குக் கைக்கு வந்து சேராது. நான் ஐந்து அளவுகோல்களை வைத்துப் பார்க்கச் சொல்வேன். முதலாவது, போக்குவரத்து, பெட்டி, கட்டணம், உடைசல் எல்லாம் போக மிஞ்சும் தொகை. இரண்டாவது, உங்கள் நேரம்; வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு கல்யாணத்துக்கும் குடும்பத் தெய்வத்துக்கான படைப்புக்கும் மட்டும் ஊருக்கு வருகிறவருக்கு இதுவே முதல் அளவுகோலாகவும் ஆகலாம். மூன்றாவது, தட்டு உடையாமல் போய்ச் சேரும் உறுதி. நான்காவது, பங்காளிகளின் சம்மதம். பொது அறையில் இருந்த பெட்டி யாருடையது என்பது விற்ற பிறகு எழும் கேள்வியாக இருக்கக் கூடாது. ஐந்தாவது, அந்தத் தட்டு யார் கைக்குப் போகிறது, அதிலுள்ள பாட்டு மறுபடியும் கேட்கப்படுமா என்பது. கடைசி அளவுகோலை உணர்ச்சி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஒரே ஒரு பிரதி மட்டுமே எஞ்சியிருக்கக்கூடிய பதிவைக் கையில் வைத்திருப்பவருக்கு அது பொறுப்பு என்றே நான் கருதுகிறேன்.

## முதலில் பெட்டியில் இருப்பதைத் தெரிந்துகொள்வது

வேறு எந்த வேலைக்கும் முன்னால் தட்டுகளை வகை பிரிக்க வேண்டும். கையில் எடுத்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். பத்து அங்குல அகலமும் நல்ல கனமும், வளையாத தன்மையும் இருந்தால் அது நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டு. அரக்குப் பிசினுடன் கல்மாவும் கரியும் சேர்த்துச் செய்தது. கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பாடும். சற்றே வளைந்து கொடுப்பது வினைல் என்னும் பிளாஸ்டிக் தட்டு. அதில் பன்னிரண்டு அங்குலமுள்ளது எல்.பி.; ஏழு அங்குலமுள்ளது இ.பி. எல்.பி. அமெரிக்காவில் 1948-இல் அறிமுகமாகி, இந்தியாவுக்குப் பத்தாண்டு கழித்தே வந்தது.

இந்தியாவில் அரக்குத் தட்டுகளின் அச்சு 1960-களிலும் தொடர்ந்தது. ஆகையால் 78 சுற்றுத் தட்டு என்ற ஒரே காரணத்துக்காக அது சுதந்திரத்துக்கு முந்தையது என்று எண்ணிவிடக் கூடாது. அறுபதுகளின் திரைப்பாடல்களும் அப்படி வந்திருக்கின்றன. பிற நாடுகளில் அந்த வகை நின்றுபோன பிறகும் இங்கே நடந்ததால்தான், பார்லோஃபோன் நிறுவனத்தின் லேபிளில் இந்தியாவில் அச்சான பீட்டில்ஸ் குழுவின் 78 சுற்றுத் தட்டுகளை உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். “இங்கிலீஷ் பாட்டு, யாருக்கு வேண்டும்” என்று தனியே ஒதுக்கி வைத்த கட்டைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது லேபிள். ஒரு தட்டை வளவு முற்றத்தின் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, விளிம்பையும் நடுவையும் மட்டும் தொட்டுப் பிடித்துக்கொண்டு பாருங்கள். நடுவில் ஒட்டிய வட்டத் தாளில் நிறுவனத்தின் பெயர், பாடியவர் பெயர், பாட்டின் முதலடி, ராகம், வரிசை எண் ஆகியவை இருக்கும். எச்.எம்.வி. நிறுவனத்தின் தட்டுகளில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்திலும், கொலம்பியாவின் தட்டுகளில் ‘ஜி.இ.’ என்ற எழுத்துகளிலும் தொடங்கும் எண்களை நிறையக் காணலாம். லேபிளுக்கும் ஊசி ஓடும் கடைசிப் பள்ளத்துக்கும் இடைப்பட்ட வழவழப்பான வளையத்தைச் சாய்த்துப் பிடித்தால், இன்னொரு எண் பொறித்திருப்பது தெரியும். அது அந்தப் பதிவின் மூல எண். ஒரே பாட்டு வெவ்வேறு லேபிளில் வந்திருந்தாலும், ஒரே வித்துவான் அதே பாட்டை இருமுறை பதிந்திருந்தாலும், இந்த எண்ணை வைத்துத்தான் பிரித்தறிவார்கள். தேர்ந்த வாங்குபவர் கேட்கும் முதல் விவரமும் அதுவே. பின்பக்கம் பள்ளமே இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் பதிந்த தட்டு கிடைத்தால், அது மிக முற்பட்ட காலத்தது. இந்தியாவில் 1902-இல் பதிவு தொடங்கியபோது தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகி வந்தன; கல்கத்தா தொழிற்சாலை 1908-இல்தான் வந்தது. அந்தக் காலத்துப் பாடகர்கள் சிலர் பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே சொல்வதைக் கேட்கலாம். அத்தகைய தட்டைப் பத்திரமாகத் தனியே வைத்துவிடுங்கள்.

பழையது என்பதால் மட்டும் விலை கூடாது. பெரும் பெயர் பெற்றவர்களின் தட்டுகள் வருடக்கணக்கில் மறுபடி மறுபடி அச்சாகி வீடுதோறும் இருந்தவை. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எல்.பி.யாக வந்தது; மனத்துக்கு எவ்வளவு நெருக்கமானதாயினும் எளிதில் கிடைப்பது. மறுபுறம், பெயர் மறந்துபோன நாடக நடிகையின் பாட்டு, அரசியல் பேச்சு, நையாண்டிப் பாட்டு, சிறு நிறுவனங்களின் வெளியீடு, நாகஸ்வரத் தட்டுகள் ஆகியவை குறைவாகவே தப்பியிருக்கின்றன. வினைலில், இளையராஜாவின் எழுபது, எண்பதுகளின் எல்.பி.க்களை இளைய தலைமுறையே தேடி வாங்குகிறது. இன்ரிகோ, எக்கோ போன்ற லேபிள்கள் தென்பட்டால் கவனியுங்கள். கேசட் பரவிய பின் வந்த தட்டுகள் குறைந்த எண்ணிக்கையில் அச்சானவை என்பதால் அவற்றுக்குக் கிராக்கி கூடுதல்.

நிலையைப் பொறுத்துத்தான் மீதி விலை. இரும்பு ஊசியை மாற்றாமல் பலமுறை ஓட்டிய அரக்குத் தட்டின் பள்ளங்கள் கறுப்புப் போய்ச் சாம்பல் பூத்திருக்கும். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தப்பினாலும் காதுக்குத் தப்பாது: தட்டின் நடுத்துளையில் ஒரு விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஓரத்தை விரல் கணுவால் மெதுவாகத் தட்டினால், நல்ல தட்டு கணீரென்றும் விரிந்தது ஓட்டைச் சத்தமாகவும் ஒலிக்கும். வினைலுக்கு உறையும் தட்டுக்குச் சமமான மதிப்புடையது. கரையானும் இராமபாணப் பூச்சியும் உறையைத் தின்றிருந்தால் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

சோதிக்கிறேன் என்று வீட்டிலுள்ள சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்.பி.யை வைத்துவிடாதீர்கள், இரும்பு ஊசியின் கனம் ஒரே ஓட்டத்தில் வினைலின் பள்ளத்தை உழுதுவிடும். துடைப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். ஸ்பிரிட்டோ கைகழுவும் சானிடைசரோ அரக்கைக் கரைத்துவிடும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால், லேபிள் நனையாமல், பள்ளம் ஓடும் திசையில் துடைத்து உடனே உலர்த்தினால் போதும்.

இவ்வளவையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொரு லேபிளையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் நான்கு வழிகளிலும் உங்கள் நிலை பலமானதா பலவீனமானதா என்பதை இந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கிறது. பங்காளிகளிடம் காட்டிக் கையெழுத்து வாங்கவும் இதுவே ஆவணம்.

## காரைக்குடிப் பழம்பொருள் கடைக்கு மொத்தமாக

முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளை அறியாதவர் இல்லை. இந்த வழியின் பெரிய நன்மை, வேலை அன்றைக்கே முடிந்துவிடுவது: கடைக்காரர் வண்டியுடன் வருகிறார், ரொக்கம் தருகிறார், அறை காலியாகிறது. உடைசல் அபாயமும் அவர் தலையில்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. எண்ணி வாங்கும் கடைக்காரர் எல்லாத் தட்டுக்கும் ஒரே சராசரி விலை வைக்கிறார். நூறு தட்டில் நான்கைந்து மட்டும் மதிப்புள்ளவையாக இருந்தால் அந்த மதிப்பு முழுவதும் அவருக்குப் போகும். அது அவருடைய தொழில் அறிவுக்குரிய ஊதியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தெரிந்தே கொடுக்க வேண்டும். இரண்டாவது, கிராமபோன் பெட்டியை வாங்கும்போது தட்டுகளைக் கொசுறாகக் கேட்பது. எச்.எம்.வி. 102 போன்ற கைப்பெட்டி வகை நல்ல நிலையில் இருந்தால் தனியே விலை பேச வேண்டிய பொருள். சந்தையில் குழல் வைத்த புதுப் போலி கிராமபோன்கள் நிறைந்துவிட்டதால், பரம்பரையாக வீட்டிலிருந்த அசலுக்கு மதிப்புக் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. பெட்டிக்கு ஒரு விலை, தட்டுகளுக்கு ஒரு விலை என்று பிரித்துக் கேளுங்கள். குறைந்தது இரண்டு கடைகளிலாவது கேளுங்கள்.

பெரும்பாலும் தேய்ந்த, எளிதில் கிடைக்கும் தட்டுகளாக இருந்து, ஊரில் தங்க விடுமுறையும் இல்லாதவருக்கு இதுவே சரியான வழி.

## சேகரிப்பாளரிடம் நேரடியாக

என் தேர்வு, செட்டிநாட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு, இதுதான். சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் அரக்குத் தட்டு சேகரிப்பவர்களும் வினைல் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். முகநூல் குழுக்கள் வழியாகவும் பழைய தட்டுக் கடைகள் வழியாகவும் அவர்களை அடையலாம். இருவரும் வெவ்வேறு கூட்டம் என்பதை மறக்கக் கூடாது. நாடகப் பாட்டும் நாகஸ்வரமும் தேடுகிறவருக்கு எண்பதுகளின் திரைப்பாடல் வேண்டாம். அவருக்கு வேண்டாதது இவருக்கு வேண்டும். எனவே நோட்டிலுள்ள பட்டியலை இரண்டாகப் பிரித்து, இரு தரப்புக்கும் தனித்தனியே அனுப்புவது நல்லது.

இங்கே மறைந்திருக்கும் செலவு பொறுமைதான். நான்கு பேர் விவரம் கேட்டால் ஒருவர் வருவார். வருகிறவர் நல்லதைப் பொறுக்கிக்கொண்டு மீதியை விட்டுப்போக விரும்புவார். அப்படி விட்டுப்போன மீதியைக் கடைக்காரரும் பிறகு வாங்கத் தயங்குவார். இதைத் தவிர்க்க, நல்ல தட்டு ஒன்றுக்குச் சாதாரணத் தட்டு சில என்று கலந்து சிறு கட்டுகளாக விலை பேசலாம். அல்லது பொறுக்கி எடுப்பதற்கு ஏற்றபடி விலையை உயர்த்திக் கேட்கலாம். சேகரிப்பாளர் வீட்டுக்கே வந்து எடுத்துப் போனால் உடைசல் இல்லை. உண்மையான ஆர்வலர் தம் வண்டியிலேயே மெத்தை விரித்துக் கொண்டுபோவார். அரக்குத் தட்டு ஒன்று ஏறக்குறைய 200 கிராம். இருநூறு தட்டு என்றால் நாற்பது கிலோ. அதை நீங்களே பல்லவன் ரயிலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோவதை விட, விலையில் சிறிது விட்டுக்கொடுத்து அவரை வரச் சொல்வது லாபம்.

## இணையத்தில் தனித்தனியாக

ஒரு தட்டுக்குக் கிடைக்கக்கூடிய அதிக விலை இங்கேதான் கிடைக்கும். இசைத்தட்டுகள் விற்கும் டிஸ்காக்ஸ் போன்ற இணையதளத்தில் அந்த வெளியீட்டின் பக்கத்தைத் திறந்தால், இதற்கு முன் என்ன விலைக்கு விற்றது என்ற வரலாறும் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். கேட்கும் விலை யாரும் எவ்வளவும் கேட்கலாம். மகன் சொல்லும் ஆயிரங்கள் பெரும்பாலும் கேட்கும் விலைகளே.

தட்டின் விலையோடு அதை அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்கே தளம் தன் கட்டணத்தைக் கணக்கிட்டு எடுத்துக்கொள்கிறது. இணையவழிப் பணப் பரிமாற்ற நிறுவனமான பேபால் 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள்ளான பரிமாற்றத்தை நிறுத்திவிட்டதால், அதன் வழியாக வெளிநாட்டுக்கு விற்பதே சாத்தியம். அங்கே ஒரு சட்ட வரம்பும் உண்டு: பழம்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றுப் பொருட்களைத் தனியார் ஏற்றுமதி செய்யத் தடை விதிக்கிறது. முற்பட்ட காலத் தட்டுகளை இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுத் தெளியாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

அனுப்பும் வேலையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வினைலை அதன் உறையிலிருந்து வெளியே எடுத்து, உட்தாளுடன் உறைக்குப் பின்னால் வைத்து, இருபுறமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்ட வேண்டும். உள்ளேயே விட்டால் வழியில் தட்டு அசைந்து உறையின் விளிம்பைக் கிழித்துவிடும். அரக்குத் தட்டுக்கு அட்டைகளை ஒன்றுக்கொன்று குறுக்குவாட்டில் வைத்து, பெட்டிக்குள் பெட்டியாக, இடையில் தாள் திணித்து அனுப்ப வேண்டும். அப்படியும் உடையலாம், உடைந்தால் பணத்தைத் திருப்பித் தருவது விற்றவர் பொறுப்பு. நிலையைச் சற்று உயர்த்திச் சொல்லிவிட்டாலும் தட்டு திரும்பி வரும். வினைலில் நல்ல எல்.பி.க்கள் இருபது முப்பது இருந்து, வீட்டில் ஒருவருக்கு இதில் ஈடுபாடும் இருந்தால் இந்த வழி பலன் தரும். அரக்குத் தட்டுக் குவியலுக்கு இது ஏற்றதன்று.

## காப்பகத்துக்குக் கொடுப்பது

இது விற்பனை அன்று. ஆனால் பல குடும்பங்களின் மனத்தில் உள்ள வழி. சென்னைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர்க்காரர் ஒருவர் தம் வாழ்நாளில் திரட்டிய தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அதை அடிப்படையாகக் கொண்டு 1994-இல் உருவானது. நம் ஊர்ச் சேகரிப்பு சிதறாமல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று இல்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே போய்விடாமல், முதலில் பட்டியலை அனுப்பிக் கேட்க வேண்டும். எந்தக் காப்பகமும் தன்னிடம் ஏற்கெனவே உள்ளதை மறுபடி ஏற்க விரும்பாது. கொடுப்பதற்கு முன், ஒலிப்பதிவின் மின்பிரதி ஒன்று குடும்பத்துக்குக் கிடைக்குமா என்றும், தட்டுகள் யார் பெயரில் பதிவாகும் என்றும் எழுத்தில் பெறுங்கள். வண்டிச் செலவு உங்களுடையது. அரிய தட்டுகளையும், அவற்றோடு கிடைக்கும் பாட்டுப் புத்தகங்களையும், விலைப்பட்டியல்களையும், கடை முத்திரையுள்ள காகித உறைகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியது இங்கேதான். அந்தக் காகிதங்களைக் கடையில் யாரும் விலைக்குக் கேட்பதில்லை. எந்தப் பாட்டு எந்த ஆண்டில் வந்தது என்று பிற்காலத்தில் சொல்லப்போவது அவைதான்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கடை | சேகரிப்பாளர் | இணையம் | காப்பகம் |
|---|---|---|---|---|
| கைக்கு வரும் தொகை | குறைவு, உடனே | நடுத்தரம் முதல் நல்லது வரை | தட்டுக்கு அதிகம், செலவும் அதிகம் | இல்லை |
| நேரம் | ஒரு நாள் | சில வாரங்கள் | மாதக்கணக்கு | கடிதப் போக்குவரத்தைப் பொறுத்தது |
| உடைசல் அபாயம் | வாங்குபவருக்கு | வந்து எடுத்தால் இல்லை | விற்பவருக்கு | கொண்டுசேர்ப்பவருக்கு |
| பங்காளிகளுக்குக் கணக்கு | எளிது | எளிது | சிக்கல், சிறுசிறு தொகைகள் | பணமில்லை, சம்மதம் மட்டும் |
| பாட்டு கேட்கப்படுமா | உறுதியில்லை | பெரும்பாலும் ஆம் | ஆம் | ஆம், அனைவருக்கும் |

## எந்த நிலையில் எது

நான்கில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பட்டியல் கையிலிருந்தால், ஒரு பக்கத் தட்டுகளையும் பெயர் தெரியாத நாடகப் பாட்டுகளையும் காப்பகத்துக்குக் கேட்டுப் பார்க்கலாம். நல்ல நிலையிலுள்ள அரக்குத் தட்டுகளைச் சேகரிப்பாளருக்குக் கட்டுகளாகக் கொடுக்கலாம். உறை கெடாத எல்.பி.க்களில் சிலவற்றை மகனோ மகளோ இணையத்தில் விற்கட்டும். தேய்ந்தவையும் எளிதில் கிடைப்பவையும் கடைக்குப் போகட்டும். இந்த வரிசையில் செய்வது முக்கியம், ஏனென்றால் கடையில் தொடங்கினால் மற்ற மூன்றுக்கும் மிஞ்சுவது எதுவும் இருக்காது.

ஆச்சிக்கு வேண்டிய தட்டுகளைப் பட்டியல் யாருக்கும் போவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். படுக்க வைத்து அடுக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி, வெயில் படாத கீழறையில் வைத்தால் வளையாது. சித்திரை, வைகாசியில் வினைலை வண்டிக்குள் வைத்துக் கதவை மூடி நிறுத்தாதீர்கள். ஒரு மதியத்தில் வளைந்துவிடும். உடைந்த தட்டுகளை வீசுவதற்கு முன் லேபிளையும் மூல எண்ணையும் படமெடுத்துப் பட்டியலில் சேருங்கள். பாட்டு போய்விட்டாலும், அப்படி ஒரு பதிவு வெளிவந்தது என்பதற்கு அந்தப் படம் ஆய்வாளர்களுக்குப் போதுமான ஆதாரம்.